வில்கமுவ கிணறும் இரத்தோட்டை பீலியும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் மகாவலியை ஒட்டிக் கிடக்கும் வில்கமுவ, மருத்துவ ஆய்விதழ்களில் அடிக்கடி வரும் பெயர். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றிய கட்டுரைகளில் மெதவச்சி, பதவிய, மெதிரிகிரிய, நிக்கவெவ, ஆற்றுக்கு அப்பாலுள்ள கிராந்துருகோட்டை ஆகிய ஊர்களோடு இதுவும் சேர்த்தே எழுதப்படுகிறது. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டார்கள். நோயாளருக்கு நீரிழிவு இல்லை, நெடுநாள் இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் வயலில் உழைக்கும் நடுவயதினரின் சிறுநீரகங்கள் மெல்லச் செயலிழக்கின்றன. அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகியும் நோயின் பெயரோடு ஒட்டிய ‘காரணம் தெரியாத’ என்ற அடைமொழி கழன்றபாடில்லை. கணினியைக் கொண்டு பெருந்தரவில் விடை தேடும் இயந்திரக் கற்றலைப் பற்றி எங்கும் பேசப்படும் இந்நாட்களில், இந்தக் கேள்வியையும் அதனிடம் ஒப்படைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஒப்படைக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளரை மட்டும் எண்ணி வைத்த பதிவுகளைக் கொடுத்தால், கணினி தவறான விடையையே உறுதியான குரலில் சொல்லும். நோயில்லாதவரையும் நோயில்லாத ஊரையும் அதே அக்கறையோடு பதிவு செய்தால்தான் இந்தத் தேடல் பலன் தரும். அந்தப் பதிவைத் தொடங்க மாத்தளையைவிடப் பொருத்தமான மாவட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒவ்வொரு துறையும் தனக்கு அறிமுகமான ஒரு காரணியைச் சந்தேகித்து அதன் பின்னால் போனது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி.பி. திசாநாயக்க, ரோஹண சந்திரஜித் போன்ற புவி இரசாயன ஆய்வாளர்கள் நிலத்தடி நீரின் புளோரைட்டையும் கடினத்தன்மையையும் சுட்டிக்காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. வேறு ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆர்சனிக் என்றும் ஒரு வாதம் எழுந்தது. 2014இல் சன்ன ஜயசுமண உள்ளிட்ட மூவர், கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் கடின நீரும் நச்சு உலோகங்களும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். கருதுகோள் என்ற அளவில் அது ஆராயப்பட வேண்டியதே. ஆனால் 2015இல் அரசாங்கம் கிளைபோசேட்டை நாடு முழுவதும் தடை செய்தபோது கருதுகோள் தீர்ப்பாக மாறிவிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. தடைக்கு முன்னும் பின்னும் புதிய நோயாளர் தொகை ஊருக்கு ஊர் எப்படி மாறியது என்று ஒப்பிடக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால், நாடு முழுவதும் நடந்த அந்தப் பரிசோதனையிலிருந்து திடமான ஒன்றைக் கற்றிருப்போம். இதற்கிடையில் எல் சல்வடோர், நிக்கராகுவா கரும்புத் தோட்டங்களில் இதையொத்த நோயை ஆராய்ந்தவர்கள் கடும் வெயிலையும் உடல் நீரிழப்பையும் முதன்மைக் காரணியாகக் கருதுகிறார்கள். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. அங்கும் முடிவான விடை கிடைக்கவில்லை.

இவர்கள் அனைவரும் ஓரளவு சரியாக இருக்கலாம் என்பதுதான் இங்குள்ள சிக்கல். புளோரைட்டு தனியாக இருக்கும்போது தாங்கிக்கொள்ளும் சிறுநீரகம், கடின நீரோடும் நாள் முழுதும் வியர்வை வடியும் உழைப்போடும் அது சேரும்போது தாங்காமல் போகலாம். காரணிகளை ஒவ்வொன்றாக ஆராயும் முறைக்கு இத்தகைய கூட்டு எளிதில் பிடிபடாது. கிணற்றின் ஆழம், நீரிலுள்ள ஒவ்வொரு கனியம், தெளித்த மருந்துகள், வெயிலில் நின்ற நேரம், குடித்த நீரின் அளவு, பெற்றோருக்கு இருந்த நோய், பாம்புக்கடி, மதுப் பழக்கம் என்று சந்தேகத்துக்குரிய காரணிகள் 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 780 கூட்டுகள் வரும். மும்மூன்றாகச் சேர்த்தால் 9,880. இவற்றைக் கையால் சோதிக்க ஓர் ஆய்வாளரின் ஆயுள் போதாது. ஆயிரக்கணக்கானோரின் விவரங்களைக் கொடுத்தால், எந்தக் கூட்டு நோயாளரையும் நோயற்றவரையும் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று கணினி சில நிமிடங்களில் தேடிவிடும். ஆனால் நூற்றுக்கு ஐந்து தரம் தற்செயலாகப் பொருந்தலாம் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால், அந்த 9,880 கூட்டுகளில் ஏறத்தாழ 494 எந்த உண்மையும் இல்லாமலே உண்மை போலத் தோன்றும். தேடும் வேகம் கூடக்கூட ஏமாறும் வாய்ப்பும் கூடும். ஆகவே வில்கமுவவில் கிடைத்த கூட்டை மெதவச்சியிலும் கிராந்துருகோட்டையிலும் சோதித்து, அங்கும் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு இந்த ஊர்களின் தரவுகள் ஒரே அளவுமுறையில் எடுக்கப்பட்டு ஒன்றாக இருக்க வேண்டும்.

தரவில் தேடிக் கண்டுபிடிப்பது இன்று நேற்று வந்த எண்ணமல்ல. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் அறிஞர் டொன் சுவான்சன் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று, குளிரில் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும் ரேனோ நோய்க்கு மீன் எண்ணெய் உதவக்கூடும் என்றது. அவர் ஒரு நோயாளரையும் பரிசோதிக்கவில்லை. மீன் எண்ணெய் இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கிறது என்று ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். ரேனோ நோயாளரின் இரத்தம் பாகுத்தன்மை கூடியது என்று இன்னொரு சாரார் எழுதியிருந்தார்கள். இரு சாராரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. இரண்டையும் இணைத்துப் படித்தவர் சுவான்சன். 1988இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையிலான தொடர்பையும் அவர் இதே வழியில் முன்வைத்தார். அச்சாகி நூலகத்தில் இருந்தும் யாரும் அறியாதிருக்கும் அறிவு உண்டு என்பது அவருடைய வாதம்.

சிறுநீரக நோயிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய பொஸ்னியா, குரோஷியா, சேர்பியா, பல்கேரியா, ருமேனியா ஊர்களில் 1950களில் விவரிக்கப்பட்ட பால்கன் சிறுநீரக நோயும் நெடுங்காலம் காரணம் தெரியாமலே இருந்தது. அங்கும் பாதிக்கப்பட்டவர்கள் விவசாயக் குடும்பத்தினர். அங்கும் கிணற்று நீர், உலோகங்கள், பூஞ்சை நஞ்சு என்று சந்தேகம் ஊர்ந்தது. கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டொலோக்கியா செடியின் விதை மாவில் கலப்பதே காரணமாக இருக்கலாம் என்று யூகோஸ்லாவியாவின் இவிச் 1969இலேயே எழுதிவிட்டார். நம் நாட்டு வைத்தியத்தில் வரும் ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்தவை. இவிச்சின் கருத்து கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1993இல் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை எடுத்த பெண்களின் சிறுநீரகம் கெட்டபோது, அதே இனச் செடி ஒன்று மருந்தில் கலந்திருந்தது தெரியவந்தது. இரு நோய்களின் திசு மாற்றங்களும் ஒத்திருந்தன. 2007இல் குரோஷிய நோயாளரின் மரபணுப் பொருளில் அந்தச் செடியின் நஞ்சு விட்ட தடயம் காட்டப்பட்ட பிறகே விடை உறுதியானது. சரியான ஊகம் எழுதப்பட்டதற்கும் ஏற்கப்பட்டதற்கும் இடையில் 38 ஆண்டுகள் போயின. அவ்வளவு காலமும் மக்கள் நோயில் மாண்டார்கள். நம்முடைய நோய்க்கான விடையின் ஒரு பகுதியும் இதே போல எங்கோ ஓர் ஆய்வேட்டிலோ, சிங்களத்திலோ தமிழிலோ எழுதப்பட்ட ஒரு கிளினிக் கொப்பியிலோ இப்போதே இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்துப் படித்து, ஒன்றில் உள்ளது மற்றொன்றில் உள்ளதோடு எங்கே பொருந்துகிறது என்று காட்டுவதில் இன்றைய கணினிகள் சுவான்சனின் கையுழைப்பைவிடப் பலமடங்கு வல்லவை. ஆனால் அலுமாரியில் பூட்டி வைத்ததை அவற்றாலும் படிக்க முடியாது.

இயந்திரக் கற்றலின் வெற்றிகளைப் புகழ்வோர் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அல்பாஃபோல்ட் 2020இல் உலகை வியக்க வைத்தது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜோன் ஜம்பரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நிரல் கற்றது எதிலிருந்து? 1971இல் ஏழு புரத வடிவங்களோடு தொடங்கிய பொதுத் தரவு வங்கியிலிருந்து. பல நாட்டு ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகத் தாம் கண்டறிந்த வடிவங்களை ஒரே ஒழுங்கில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதில் வைத்து வந்தார்கள். அந்தப் பொறுமையான பகிர்வு இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கணினியாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. கணினியையும் நிரலையும் நாம் வாங்கலாம், பல நிரல்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. வில்கமுவ மக்களின் சிறுநீரகம் பற்றிய இருபதாண்டுத் தொடர் பதிவை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

பதிவு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நிமோனியாவைக் கண்டறியக் கற்ற ஒரு நிரலை 2018இல் ஆராய்ந்தவர்கள், அது படம் எந்த வைத்தியசாலையில் எடுக்கப்பட்டது என்பதையும் கற்றுக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். ஒரு வைத்தியசாலையில் நிமோனியா நோயாளர் விகிதம் மிக அதிகம். ஆகவே வைத்தியசாலையை அடையாளம் கண்டாலே விடை பாதி சரியாகிவிடும். வேறிடத்துப் படங்களைக் கொடுத்தபோது அதன் திறமை குறைந்தது. இதை மாத்தளைக்குப் பொருத்திப் பாருங்கள். நோய் இருப்பதாகத் தெரிந்த ஊருக்கே பரிசோதனை முகாம் போகும். முகாம் போன ஊரில் மேலும் நோயாளர் தெரியவருவார்கள். தேடிப் பார்க்காத ஊரில் எண்ணிக்கை சுழியமாகவே நிற்கும். இந்த எண்களைக் கொடுத்தால், நோய் எங்கே உண்டாகிறது என்பதைக் கணினி கற்காது. சுகாதாரத் துறையின் வாகனம் எங்கே போனது என்பதைத்தான் கற்கும்.

மாத்தளையின் தனிச்சிறப்பு இங்கேதான் வருகிறது. தெற்கிலும் நடுவிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரச் சரிவுகள்; இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்; லயன்களுக்குப் பீலியிலும் குழாயிலும் வந்து சேரும் ஊற்று நீர். வடக்கிலும் கிழக்கிலும் தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ என்று வரண்ட வலயம். வயல், மரக்கறிச் செய்கை, கிணற்று நீர். ஈரவலயமும் வரண்ட வலயமும், நோய் குவிந்த ஊரும் அப்படி அறியப்படாத ஊரும் ஒரே மாவட்டச் செயலகத்தின் கீழ், ஒரே மாகாணச் சுகாதார நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. கிளைபோசேட் வாதத்தை மறுப்போர் ஒரு கேள்வி கேட்பதுண்டு: தேயிலைத் தோட்டங்களிலும் அந்தக் களைக்கொல்லி தாராளமாகத் தெளிக்கப்பட்டதே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை? நல்ல கேள்வி. ஆனால் அங்கே நோய் குவிந்து தெரியவரவில்லை என்பது ஒன்று, அதே முறையில் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து இல்லை என்று உறுதி செய்வது வேறொன்று. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சாதாரணமான இரத்தப் பரிசோதனை முடிவு, வில்கமுவ விவசாயியின் மோசமான முடிவுக்கு இணையான அறிவியல் பெறுமதி உடையது. அவருடைய முடிவு இல்லாமல் விவசாயியின் முடிவுக்குப் பொருள் சொல்ல முடியாது. தோட்ட மக்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு நியாயமும் உண்டு. நாட்டின் சுகாதாரக் கணக்கெடுப்புகளின் ஓரத்திலேயே நெடுங்காலம் நின்ற சமூகம் அது. இந்தப் பதிவில் ஒப்பீட்டுக்காக மட்டும் சேர்க்கப்படாமல், தன் சிறுநீரக நிலையையும் அறிந்துகொள்ளும்.

தரவில் தெரியும் தொடர்பு காரணமாகாது என்ற மறுப்பு வலுவானது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். எந்தக் கூட்டுகளை முதலில் ஆய்வுகூடத்துக்கும் வயலுக்கும் கொண்டு போகலாம் என்ற வரிசையைத்தான் கணினியிடம் கேட்க வேண்டும், தீர்ப்பை அல்ல. காரணத்தை நிறுவ, ஒன்றை மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாற்றம் நம் கண்முன்னே நடக்கிறது. நாவுலவில் அம்பன் கங்கையின் குறுக்கே கட்டி 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் நோக்கங்களில் ஒன்று, சிறுநீரக நோய்ப் பிரதேசங்களுக்குக் குடிநீர் தருவது. லக்கலவில் களு கங்கை நீர்த்தேக்கம் உண்டு. ஊருக்கு ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. எந்த ஊர், எந்தத் திகதியில், எந்த நீருக்கு மாறியது, மாறுவதற்கு முன்னும் பின்னும் அங்குள்ளோரின் சிறுநீரகம் எப்படி இருந்தது என்று தொடர்ந்து எழுதி வைத்தால், எந்த ஆய்வுகூடமும் தர முடியாத சான்று சேரும். இதிலும் கவனம் வேண்டும். சவ்வு வழி சுத்திகரிப்பு புளோரைட்டையும் கடினத்தன்மையையும் உலோகங்களையும் ஒன்றாகவே குறைக்கும். நோய் குறைந்தால் குற்றம் நீரில் இருந்தது என்று தெரியும், நீரில் எது என்பது தெரியாது. நீர்த்தேக்க நீருக்கு மாறிய ஊரையும், சுத்திகரிப்பு நீருக்கு மாறிய ஊரையும், பழைய கிணற்றிலேயே குடிக்கும் ஊரையும் அருகருகே வைத்தால் அந்த முடிச்சும் சற்றுத் தளரும். பழைய கிணறு தூர்ந்து, அதன் நீரை யாரும் அளக்காமல் விட்டுவிட்டால், அந்தச் சான்று மீண்டும் கிடைக்காது.

மக்களுக்கு இப்போது வேண்டியது நல்ல நீரும் டயாலிசிஸ் கட்டிலும்தான், கணினி ஆய்வல்ல என்பார்கள். நீரும் கட்டிலும் முதலில் என்பதில் எனக்கு எதிர்க்கருத்து இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் செலவழிக்கும் பணம் எங்கே வீணாகிறது என்பதும் தெரியாது. வெயிலும் நீரிழப்பும்தான் பெரும்பங்கு என்றால், வயலோரத்தில் நிழலும் நேரத்துக்குக் குடிநீரும் கிடைக்கச் செய்வது மிகக் குறைந்த செலவில் பல உயிர்களைக் காக்கும். அது உறுதியாகத் தெரியாததால் நாம் அதில் போதிய அளவு முனையவில்லை. புளோரைட்டுதான் என்றால், ஒவ்வொரு கிணற்றையும் அளந்து, ஆபத்தான கிணறுகளை மட்டும் மூடினால் போதும்.

இரகசியம் பற்றிய அச்சத்தை இதைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். நோய் ஊர் என்று பெயர் விழுந்தால் திருமணப் பேச்சும் விளைச்சலின் விலையும் பாதிக்கப்படும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சிறிய கிராமத்தில் வயதும் தொழிலும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. அதன்படி தரவு நாட்டிலேயே, பேராதனை, ரஜரட்டை போன்ற பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் இருக்கட்டும். ஆய்வாளர் தரவிருக்கும் இடத்துக்கு வந்து வேலை செய்யட்டும். தரவு அவரோடு வெளியே போக வேண்டாம். வெளிநாட்டுக் குழுக்களுக்கும் இதே விதிதான். இரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய முடிவு அவர் மொழியில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். முடிவு கொடுக்கப்படாத மக்களிடம் அடுத்த ஆண்டும் ஊசியோடு போய் நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

சுகாதார அமைச்சும் மத்திய மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் மாத்தளையின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலிருந்தும், தோட்டங்களையும் சேர்த்து, நோய் உண்டா இல்லையா என்று பாராமல் குலுக்கல் முறையில் குடும்பங்களைத் தெரிவுசெய்து, ஆண்டுதோறும் ஒரே முறையில் பரிசோதிக்க வேண்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நீர்ப் பரிசோதனைகள், வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பப் பதிவுகள், கமநல சேவை நிலையங்களிலுள்ள பயிர் விவரங்கள் ஆகியவை அந்தப் பதிவேட்டோடு இணைய வேண்டும். எதிர்பார்த்த தொடர்பு கிடைக்காத ஆய்வுகளும் அதில் பதியப்பட வேண்டும்; ஒரு சந்தேகம் தவறு என்று தெரிவது அடுத்தவரின் பல ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கிணற்று நீரையோ உங்கள் இரத்தத்தையோ பரிசோதனைக்கு எடுத்தால் முடிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், திகதியோடு பத்திரப்படுத்துங்கள். அரச நிறுவனம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள்.